நின்று போகலாம்

"மெஷின் ஆமை மாதிரி இருக்கும்மா, சுத்தம் பண்ணித் தரேன்"
என்றான் நிதர்சன்,
முகாமிலிருந்து வந்திருந்த ஒரு சனிக்கிழமை.
நான் மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.
சரி என்றேன்.
அந்த ஒரு சரியில் போனது
பதினோரு வருடத்துச் சொற்பட்டியல்.

மின்தூக்கிப் பழுது, டெங்கி எச்சரிக்கை,
காகிதம் எரிக்கும் தொட்டியை நகர்த்தாதீர்கள்.
இந்தத் தீவில் கடைசி வரியாகத்
தமிழ் நிற்கும் பலகைகளில்
சிலவற்றுக்கு என் வீட்டிலிருந்துதான் சொல் போனது.
நாலாயிரத்துச் சொச்சம்.
இடப்பக்கம் ஆங்கிலம்,
வலப்பக்கம் நான்.

சிம் லிம் ஸ்குவேர், ஐந்தாம் மாடி.
ரோஸ்லி ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக் காதருகே ஆட்டினார்,
டுரியான் பார்ப்பவர் போல.
"ஃபார்மட் உடனே எதையும் அழிப்பதில்லை, மேடம்.
முகவரிப் பலகையைக் கழற்றிவிடும், அவ்வளவுதான்.
இடிக்கப்போகிற புளோக்கைப் பார்த்திருப்பீர்கள்.
ஆட்கள் போய்விட்டார்கள், கடிதம் வராது,
ஆனால் சுவரில் ஆணி இருக்கும்.
இன்னொருவர் வந்து இன்னொன்று அறையும்வரை
அது அங்கேதான்."
பிறகு விரலை உயர்த்தி,
"அதுவரை இதில் எதையும் எழுதக் கூடாது."

எழுதக் கூடாது என்று
என்னிடம் சொன்ன முதல் ஆள் அவரில்லை.
காரணத்தோடு சொன்ன முதல் ஆள்.
ஒன்பது நாள் எழுதவில்லை.
தோன்றியதைக் கடை ரசீதுகளின் பின்பக்கம் பென்சிலால் குறித்தேன்.
இந்தக் கவிதையின் ஒரு பகுதி
அரைக் கிலோ கொத்தமல்லிக்குப் பின்னால் இருக்கிறது.

பத்தாம் நாள் வந்தன, பெயரில்லாமல்.
00017. 00018. 00019.
சிலவற்றில் எழுத்தெல்லாம் சதுரம் சதுரமாய்,
காலி செய்த புளோக்கின் சன்னல்கள்.
வேண்டாமென்று நானே எறிந்தவையும் கூட வந்தன:
அனுப்பாத ராஜினாமா,
யாரென்று மறந்துபோன ஒருவரின் எக்ஸ்ரே,
மூன்று விதமாக எழுதிப்பார்த்த ஒரே மன்னிப்பு.
கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்து
முந்நூற்று எண்பது வெள்ளி.

பட்டியலும் வந்தது, பாதி.
ஆங்கிலப் பத்தி முழுக்கச் செத்துவிட்டது.
தமிழ் மட்டும்
எதற்கு வந்தோம் என்று தெரியாமல்
வரிசையில் நிற்கிறது.

"கீழ்த்தளம்." தெரியும்.
"ஈரத்தரை, பார்த்து." தெரியும்.
"மென்மையான நினைவூட்டல்." யாரோ காசு கேட்டிருக்கிறார்கள்.
"உறவினர் காத்திருக்கும் கூடம்."
மருத்துவமனையா, தகனச்சாலையா?
"நின்று போகலாம்."

நின்று போகலாம்.
இதன் இடப்பக்கம் என்ன இருந்தது?
மின்தூக்கி பாதியில் நின்றுபோகலாம் என்றா,
இங்கே சற்று நின்று, போகலாம் என்றா?
நடுவிலுள்ள அந்த ஓர் இடைவெளி
நான் விட்டதா, கட்டைவிரல் பட்டு விழுந்ததா?
பதினோரு வருடம் இன்னொன்றுக்கு எதிரொலியாக இருந்தது,
இப்போது தானாகப் பேசுகிறது,
பெற்ற எனக்கே விளங்காமல்.

நிதர்சன் இன்னும் மன்னிப்புக் கேட்கிறான்.
வாயால் அல்ல.
கேபிள் வாங்கி வருகிறான், கறிச்சட்டியைத் தேய்த்து வைக்கிறான்.
நேற்று இரவு ஏழரை மணி,
பச்சை மூட்டை கதவருகே,
பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான்.
வேறெதையோ சொல்ல வாயெடுத்து
பட்டியலில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான்.
பேருந்தா, மின்தூக்கியா என்று கேட்கவில்லை.
மாட்டாத பூட்ஸை ஓரமாய் வைத்துவிட்டு
அரைத் தம்ளர் தேநீர் குடித்தான்.
பிறகு போனான்.

2,306ஆம் வரி.
இடப்பக்கத்தில்
இன்னும் எதையும் எழுதவில்லை.