நேரம் கிடைக்கேல்லை

பீல் நகரத்தில் தெருப்பலகையெல்லாம் இரண்டு மொழியில்.
இரண்டுமே அவளுடையது இல்லை.

அதற்குத்தான் நான். மணிக்கணக்கில் கூலி.
முதல் விதி: சொன்னதை மட்டும் சொல்.
அடுத்தது: அவள் நான் என்றால் நீயும் நான் என்று சொல்.
ஐம்பத்துமூன்று வயதில்
இந்த வருசம் மட்டும் பதினொரு தரம்
நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மருத்துவிச்சி ரெகுலா கேட்கிறாள்,
கோபமில்லை, பேனையை மூடி வைத்துவிட்டு:
இருபத்தேழு கிழமை. ஏன் இவ்வளவு பிந்தி?

சுதர்ஜினி சொல்கிறாள்: "நேரம் கிடைக்கேல்லை."

ஜெர்மனில் அதுவும் இரண்டே சொல்.
எழுதிக்கொள்கிறாள்.

வெளியே, காத்திருந்த கதிரையில்
அவள் எனக்குச் சொன்னது வேறு.
ஒன்பதாம் கிழமையே ஒருக்கால் வந்தவளாம்.
கூட வந்தது மச்சாளின் மகன் ஆரணன்.
பதின்மூன்று வயது, முதுகில் பள்ளிக்கூடப் பை.
கடைசியாய் எப்போது இரத்தம் போனது,
முன்னம் கரு அழிந்ததா, எத்தனை தரம்...
பெடியன் டாக்டரைப் பார்த்தான்,
தன் சப்பாத்தைப் பார்த்தான்.
"மாமி, வடிவாச் சாப்பிடுறனீங்களோ எண்டு கேக்கிறார்."
ஓம் என்றாளாம்.
பிறகு எல்லாக் கேள்விக்கும் ஓம்.
திரும்பும் பஸ்ஸில் அவனுக்கு ஒரு யன்னல்,
அவளுக்கு ஒரு யன்னல்.

அதற்குப் பிறகு கடிதங்கள்.
பில்லோ, வரச்சொன்ன நாளோ, தெரியாது.
புருசன் குளிர்ப்பெட்டிக்கு மேல் அடுக்கி வைத்தான்,
சம்பளம் வரட்டும், பிரிப்போம் என்று.
அவளுக்கோ சலவை ஆலையில் பின்நேர வேலை.
ஆவிக்குள் நின்று அவள் மடிப்பது
இதே ஆசுப்பத்திரியின் கட்டில்விரிப்புகள்.
மூலையில் நீல நூலில் தைத்த பெயரை
வாசிக்கத் தெரியாவிட்டாலும்
விரலுக்குத் தெரியும்.

ரெகுலா வயிற்றில் நாடா வைத்து அளந்தாள்.
அடுத்தது வியாழன், இரண்டேகால் என்றாள்.
"சரி" என்றாள் சுதர்ஜினி.

அந்தச் சரியை நான் அறிவேன்.
ஆரணனுக்குச் சொன்ன ஓமின் தங்கச்சி அது.

ஜெர்மனில் சொன்னேன்:
நான் வியாழன் பின்நேரம் வேலை செய்கிறேன்.
காலையில் தாருங்கள்.
கடிதம் போடவேண்டாம், தொலைபேசியில் சொல்லுங்கள்.
எனக்காகப் பேச
இனி ஒரு பிள்ளையைக் கூப்பிட வேண்டாம்.

ரெகுலா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.
அவ ஒரு சொல்தானே சொன்னா?

தமிழ் சுருக்கமான மொழி என்றேன்.

படியில் இறங்கும்போது
கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"அக்கா, இது பில்லோ?"

இல்லை, நாள்.