பொய்ப்பெயர் அணி

டச் பே கரையில் இஞ்சித் தேத்தண்ணி ஆறிவிட்டது,
ஹஸ்பர் இன்னும் நிறுத்தவில்லை.
"வித்த கணக்கைப் பார் மச்சான்,
உலகம் முழுக்க ராயல் கோல்தான்.
உன்ர லெவன் மாஸ்டர் செத்து எத்தினை வருசம்?"

சுகந்தன் தன் ஓட்டோவின் பின்சீற்றில்
கால் நீட்டியபடி கச்சான் உடைக்கிறான்.
"செத்தது கம்பனி.
பந்து சாகேல்ல."

பதினாறு வருசச் சண்டை இது.
தொடங்கியது ஏகாம்பரம் வீதியில்,
சலூனுக்குப் பின்னால் என் மாமாவின் கடையில்.
அரை மணிக்கு முப்பது ரூபா.
கரண்ட் போனால் காசு திரும்பாது.
யார் எத்தனை மணிக்குக் குந்தினான் என்று
கொப்பியில் எழுதுவது என் வேலை.
சண்டை முற்றினால்
தெருவால் போகிறவனைக்கூடக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்பார்கள்,
என்னைக் கேட்டதில்லை.
கடை பூட்டிய பிறகு நான் விளையாடியது
எந்தக் கொப்பியிலும் இல்லை.

ராயல் கோலில் எல்லாம் அசல்.
சட்டை, மைதானம்,
வீரனின் கழுத்தில் பச்சை குத்தினது வரை.
கூட்டம் கத்தும், புல் நனையும்.
பந்து மட்டும்
கடன் கொடுத்தவன் மாதிரி
காலோடு ஒட்டிக்கொண்டே வரும்.

லெவன் மாஸ்டரிடம் உரிமை வாங்கக் காசில்லை.
உலகத்தின் மிகப் பெரிய காலுக்கே
ஏதோ ஓர் எழுத்துப்பிழைதான் பெயர்.
ஆனால் பந்து தனியே உருண்டது.
மூலையிலிருந்து தூக்கினால்
காற்றிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வளைந்தது.
(இதை நான் சொன்னால் ஹஸ்பர் சிரிப்பான்.
சொன்னதில்லை.)

பெயரை மாற்றலாம் என்று கண்டுபிடித்தவன் ரெஜினோல்ட்.
மார்கழி வெள்ளம் கடைப்படி ஏறிய ஒருநாள்
முழுதும் இருந்து பதினொரு பெயர் அடித்தான்,
இங்கிலிஷில், எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.
அவன் பெயர் அச்சொட்டாக எட்டு.
சுகந்தன் வால் அறுந்து சுகந்தா ஆனான்,
அந்தப் பகிடி ஒரு வருசம் ஓடியது.
கோலுக்கு ஆள் காணாமல்
வாசலில் பொலித்தீன் பை தின்றுகொண்டு நின்ற மானைப் போட்டான்.
மான் நன்றாகவே பாய்ந்தது.

அந்த அணி ஐரோப்பாவை வென்றது,
ஒரு வெள்ளிக்கிழமை,
ஜும்ஆ முடிந்து ஹஸ்பர் ஓடி வருவதற்குள்.
தான் பார்க்காத கிண்ணம் கிண்ணமே இல்லை என்று
அன்றைக்குத்தான் அவன் ராயல் கோலுக்கு மாறினான் என்பது
என் சந்தேகம்.

இப்போது சுகந்தன் போனை எடுக்கிறான்.
"பொறு, ரெஜியிட்டக் கேப்பம்.
அவன் சொல்லட்டும்."

டோகாவிலிருந்து குரல் வர
இரண்டு அலை நேரம்.
பின்னால் பிள்ளை அழும் சத்தம், ஒரு ஏசி உறுமல்.
"டேய், நான் இப்ப ராயல் கோல்தான்டா.
மகனுக்கு அதுதான் விருப்பம்.
மற்றதை ஆர்ரா இப்ப வச்சிருக்கினம்?"

ஹஸ்பர் மணலில் குதிக்கிறான்.
சுகந்தன் ஓட்டோவின் சாவியைத்
தேவையில்லாமல் தேடுகிறான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்த மானொன்று
கச்சான் சுருளை மணந்து பார்த்துவிட்டு
அவனைத் தாண்டிப் போகிறது.

நான் வாய் திறக்கவில்லை.

மாமாவின் கடை இப்போது என் கடை,
போன் திருத்துகிறேன்.
மேசையின் கீழ் லாச்சியில்,
உடைந்த சார்ஜர்களுக்கு அடியில்,
அந்த மெமரி கார்ட்.
போன மாதமும் போட்டுப் பார்த்தேன்.
சுகந்தா நடுவில் நிற்கிறாள்.
மான் கோலில்.
இடது கரையில், இலக்கம் பதினொன்று,
அந்த மழைநாளில் ரெஜினோல்ட்
என்னைக் கேட்காமல் அடித்த என் பெயர்,
ஏழே எழுத்து.

அடித்த கோல் இருநூற்றுப் பன்னிரண்டு.
அவர்கள் அடித்தது அதில்
நாற்பதும் வராது.