பொருத்தம் என்னும் கட்டம்

பெயர்: உர்ஹோ லெம்பினன்.
வயது: ஐம்பத்தெட்டு என்கிறார்,
பாஸ்போர்ட் அறுபத்தொன்று என்கிறது.
படங்கள்: முப்பத்து நான்கு.
அவற்றில் பதினொன்றில்
உறைந்த ஏரி பிளந்து உள்ளே போயிருக்கிறார்.
மாப்பிள்ளைக் கோட்டோடு ஒரு தடவை,
பாதிரியார் அங்கியோடு ஒரு தடவை,
சானாவிலிருந்து துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து
நான்கு தடவை.
ஆள் மறைந்த பிறகு துண்டு மட்டும் மிதக்கும்.
தம்பெரே தியேட்டர்களில்
அந்தத் துண்டுக்கே தனிக் கைதட்டல்.

சைலா எழுதியிருக்கும் கதையில்
ஒருவன் ஏரியின் பனியை அளக்கிறான்.
துளைக்கோலை இறக்கி,
நாற்பது சென்டிமீட்டர், வண்டி போகலாம் என்று
கையெழுத்துப் போடுகிறான்.
பள்ளிக்கூட வேன் போகிறது.
அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம்
அவன் உயிரோடு இருக்க வேண்டும்.
அவ்வளவுதான் கதை.

தயாரிப்பாளர் ஹேய்மோ பட்டியலைத் தள்ளி வைத்தார்.
"அந்த ஆள் பனியில் காலை வைத்தாலே
பின்வரிசை சிரிக்கும்.
மூன்று பிள்ளைகள் செத்த படம் அம்மா இது."
அவர் சொன்னதில் தப்பில்லை.
நானே சிரித்தவள்தான்.
மகள் பிறந்த மறுநாள்
தையல் பிரிந்துவிடும் என்று
நர்ஸ் ஓடிவந்து டிவியை அணைத்தாள்.

அழுகைக்குப் பேர்போன மூன்று பேரைப் பார்த்தோம்.
ஒருவருக்கு இடது கண் முதலில் நிறையும்,
கேமரா எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டார்.
மற்ற இருவரும் நன்றாகவே அழுதார்கள்.

பிப்ரவரி, காலை ஒன்பது, மைனஸ் பதினேழு.
சொந்த பூட்ஸோடு வந்தார் லெம்பினன்.
கொடி நட்ட இடம்வரை இருபது அடி நடந்து
தாளில் இருக்கும் மூன்று பெயர்களைப் படிக்க வேண்டும்.
முதல் அடி வைத்தார்.
விளக்குப் பையன் ஒருவன் சிரித்துவிட்டான்,
பாவம், பழக்கதோஷம்.

அவர் நின்றார்.
கோபம் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.
ஒரு சிரிப்பு எவ்வளவு நேரம் ஓடும்,
எங்கே இளைக்கும், எங்கே விழும் என்று
கணக்குத் தெரிந்தவர்.
அது முடியும்வரை நின்றார்.
இரண்டாவது அடி.
இன்னும் யாரோ, மூக்கால்.
மறுபடியும் நின்றார்.
ஐந்தாவது அடியில்
தெர்மாஸ் மூடி திருகும் சத்தம்கூடக் கேட்டது.

குதிகாலை ஊன்றி, தலையைச் சாய்த்து
அடியில் எதையோ கேட்டார்.
எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
தாளைப் பிரிக்கவே இல்லை.
"நான் பதினொரு தடவை விழுந்திருக்கிறேன்," என்றார்.
"ஒவ்வொரு தடவையும் கீழே ஒருத்தர்
சிலிண்டர் மாட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.
கையைப் பிடிப்பார். கை சூடாக இருக்கும்."
அப்புறம், கொடியிடம் கேட்பதுபோல,
"அந்த வேனுக்குக் கீழே யார் இருந்தார்?"

இது வசனத்தில் இல்லை.
சைலா கையுறையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.
ஹேய்மோ காருக்குள், ஹீட்டர் போட்டு,
கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.
"நடந்தார், நின்றார், என்னமோ முணுமுணுத்தார்.
இதில் நடிப்பு எங்கே?" என்றார்.
பணம் அவருடையது. பதில் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, கரை ஏறிய பிறகு,
கார் நிறுத்தும் இடத்தில்,
நிஜமாகவே வழுக்கினார்.
ஒரு கால் வானத்துக்குப் போயிற்று,
தொப்பி ஹேய்மோவின் காருக்கு அடியில் போயிற்று,
பக்கக் கண்ணாடியைப் பிடித்து எப்படியோ தொங்கினார்.
யாரும் சிரிக்கவில்லை.
விளக்குப் பையன் ஓடிவந்து தோளைத் தாங்கினான்.
லெம்பினன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்,
பர்ஸ் தொலைந்தவர் பையைத் தடவுவது மாதிரி.

நான் அங்கேயே, கார் பானட்டின் மேல் படிவத்தை வைத்து,
பொருத்தம் என்ற கட்டத்தில் எழுதப் போனேன்.
பேனாவில் மை உறைந்திருந்தது.
அழுத்தி எழுதினேன்.
நிறமில்லாமல் ஒரு பள்ளம் விழுந்தது தாளில்,
சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.