சூர், நான்காம் நிலையம்

பழந்தமிழில் சூர் என்றால் அச்சம்.
இங்கே அது ஓர் ஊர்.
படகு கட்டும் கடற்கரை, பின்னால் மொட்டைக் குன்று,
குன்றின்மேல் இடுப்புயரச் சிமென்ட் தூண்,
தூணின் தலையில் கவிழ்த்த கிண்ணம் போல் ஆண்டெனா.
மாதம் இருமுறை தூசி துடைப்பது என் வேலை.

நேற்று ராத்திரி பத்தரைக்கு
மஸ்கட்டிலிருந்து சங்கரநயினார்:
"நாலாம் நம்பர் நாலு மில்லிமீட்டர் எகிறியிருக்கு.
என்னடே, விட்டுட்டா?"
அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

வண்டியை விரட்டிப் போனால்
காவலாளி தில்முராத்
பெருநாளுக்கு வாங்கிய கிடாவைத் தூணில் கட்டி,
மத்தியான வெயிலுக்கென்று
ஆண்டெனா மேல் தார்ப்பாயும் விரித்திருக்கிறான்.
உருவினேன்.
கிடா என்னைப் பார்த்துக் கத்தியது.

அவன் ஊர் பஸ்னி. எதிர்க்கரை, மக்ரான்.
"இந்த நிலம் வடக்கே போகுதுன்னியே,
வருஷத்துக்கு ஒரு விரற்கடை.
நான் வந்து பதினோரு வருஷம்.
அரை முழமாவது வீடு கிட்ட வந்திருக்கணுமே?"

மயிரளவும் வரவில்லை என்றேன்.
கடலடியில் நம் தட்டு உங்கள் தட்டுக்குக் கீழே நுழைகிற இடம்
துருவேறிய தாழ்ப்பாள்.
நாம் தள்ளத் தள்ள உன் கரையும் பின்வாங்குகிறது,
அதே ஒரு விரற்கடை.
மடங்குவதெல்லாம் உன் வீட்டுக்குப் பின்னால்,
மலைக்குள்,
கல்லுக்குள்.

"அப்போ இத்தனை வருஷம் தள்ளினது?"
"எங்கேயும் போகல. இருக்கு."
"என் அஞ்சு மாசச் சம்பளம் மாதிரி," என்று
பீடியைப் பற்றவைத்தான்.

ஒருநாள் தாழ் விடும்.
அன்றைக்கு உன் கரை ஒரே மூச்சில்
பத்துப் பன்னிரண்டு அடி
என்னை நோக்கி வரும்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்,
தீக்குச்சி அணையும் வரைக்கும்.
அவன் வீட்டில் நாற்பத்தைந்தாம் வருடத்துக்கு
வருடம் என்று பெயரில்லை,
தண்ணீர் என்பார்கள்.
"கடலும் கூடவே வருமே," என்றான்.
இரு கரைக்கும், என்றேன்.
கீழே ஊரின் விளக்குகளைப்
பார்க்காதது போல் இருவரும் பார்த்தோம்.

மறுநாள் சாயங்காலம்
கோடு பழைய நேருக்கு வந்துவிட்டது.
"அப்பாடா" என்று போனை வைத்தார் சங்கரநயினார்.
திரையை மூடாமல் இருந்தேன்:
ஒவ்வொரு புள்ளியும்
முந்தையதற்கு ஓர் இழை வடக்கே.

வேலிக் கம்பியில் மாற்றிக் கட்டிய கிடா
கயிற்றின் முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்துவிட்டு,
இழுத்தபடியே,
படுத்துக்கொண்டது.