எட்டும் ஒன்பதும்

இடது எட்டு, வலது ஒன்பது.
பிறக்கும்போது என் கால்கள்
ஒன்றோடொன்று பேசிவைத்துக்கொள்ளவில்லை.

இத்தனை நாள் செருப்பு பொறுத்துக்கொண்டது.
ஏப்ரலில் பைபாஸ் ரோடு கிளைக்கு மாற்றல்.
மேலாளர் நாற்காலி, கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ,
மூன்றும் ஒரே சுற்றறிக்கையில் வந்தன.

டவுன்ஹால் ரோட்டில்
மாடிப்படிக்குக் கீழே சிக்கந்தர் கடை.
மத்தியானம் போனவனைத் திருப்பி அனுப்பினார்.
"சாயங்காலமா வாங்க. காலையில கால் பொய் சொல்லும் சார்.
ஆறு மணிக்குத்தான் தன் அளவை ஒத்துக்கும்.
ஆபீஸுக்குப் போடுற சாக்ஸோட வாங்க."

முதல் ஜோடியில் என் முகம் தெரிந்தது.
அதை இரண்டு கையாலும் மடக்கிக் காட்டினார்.
"விரல் மடங்குற இடத்துல மடங்கணும்.
இது வயித்துல மடங்குது. வேண்டாம்."
இரண்டாவது வெறும் பசை.
சித்திரைத் தாரில் நாலு நாள் நடந்தால்
வாயைப் பிளந்துவிடும் என்றார்.
மூன்றாவதில் உள்பக்கமும் தோல்,
விளிம்பு முழுக்கத் தையல்.
குதிகாலை யாரோ உள்ளங்கையில் ஏந்தியதுபோல் இருந்தது.
விலையை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

எட்டில் வலது சுண்டுவிரல் அழுதது.
ஒன்பதில் இடது கால்
வாடகை வீட்டில் ஒற்றை ஆளாக உருண்டது.
பஞ்சு வைத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
"வைக்கலாம். படிக்குப் படி ஞாபகம் வரும்.
நல்ல ஷூன்னா
கால் இருக்கிறதே மறந்துபோகணும்."
சொல்லிவிட்டுக் கல்லாவிலிருந்து
அட்டை கிழிந்த டைரி ஒன்றை எடுத்துப் புரட்டினார்.

ஒச்சப்பன், உசிலம்பட்டி, கூட்டுறவு வங்கி.
இடது ஒன்பது, வலது எட்டு.
ஆறு வருஷமாகக் காத்திருக்கிறாராம்
எனக்காக.

சம்பந்தம் பேசுவதுபோல் போனிலேயே பேசினோம்.
அவருக்குப் பழுப்பு, எனக்குக் கறுப்பு.
எனக்குக் கயிறு கட்டினால்தான் பிடிப்பு,
அவருக்குக் குனிந்தால் தொப்பை இடிக்கும்.
விலையில் ஐம்பது ரூபாய் யார் கூடக் கொடுப்பது
என்பதில் மட்டும் ஒரு நாள் போனது.
கடைசியில் கறுப்பு, கயிறில்லாதது.
சிக்கந்தர் இரண்டு பெட்டியையும் திறந்து
நடுவில் பிரித்தார்.
ஓர் எட்டும் ஓர் ஒன்பதும் என் கைப்பையில்.
மற்ற இரண்டும் மறுநாள் பஸ்ஸில்
செக்கானூரணி தாண்டிப் போயின.

நகைக்கடன், தணிக்கை, தலைமை அலுவலக போன்,
ஏழரைக்குத்தான் கிளையைப் பூட்டினோம்.
காளவாசல் சிக்னலில் நிற்கையில் கவனித்தேன்.
அன்று முழுக்கக் காலைப் பற்றி நினைக்கவே இல்லை.
நினைக்காத அந்த இடத்தில்
முகம் தெரியாத ஒச்சப்பன் வந்து நின்றார்.
அவருக்கு எப்படி இருக்கிறதோ.
கேட்கக் கூச்சமாக இருந்தது.
கால் சௌக்கியமா என்று யாரைக் கேட்கிறோம்?

ஆவணியில் செல்லம்பட்டியில் ஒரு காதுகுத்து.
எங்கள் நகை மதிப்பீட்டாளர் வீடு.
மொய் எழுதி, கறிச்சோறு சாப்பிட்டு,
கை கழுவும்போது கரண்ட் போனது.
வெளியே நூறு செருப்புக்கு நடுவில்
என் ஜோடி ஒட்டி நின்றது.
போட்டேன். இடது சரி.
வலது சுண்டுவிரல் அழுதது.
செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். எட்டு.
இடதைக் கழற்றிப் பார்த்தேன். எட்டு.

டவுன்ஹால் ரோட்டில் பிரித்தவை
ஐந்து மாசம் ஆளுக்கொரு ஊரில் நடந்து
பெட்டியில் இருந்தபடியே சேர்ந்துவிட்டன.
ஒன்பதுகள் இரண்டும்
இந்த இருட்டில் எங்கோ
தொளதொளவென்று போய்க்கொண்டிருக்கும்.

நொண்டியபடி ரோட்டுக்கு வந்தேன்.
போன் அடித்தது. பேர்கூடச் சொல்லவில்லை.

"சார், காதுகுத்துக்கு வந்திருந்தீங்களா?"
"வந்தேன்."
"எனக்கு லூசா இருக்கு."
"எனக்குக் கடிக்குது."
"அங்கேயே நில்லுங்க,
மெதுவாத்தான் வர முடியும்."