பர்மிட் ரூம் வெளிச்சம்

சயானில் மூன்றாம் மாடி.
எதிரே பர்மிட் ரூம் பலகை
சிவப்பாய் எரிந்து, அணைந்து, எரிகிறது.
ஒரு எழுத்துக்கு மட்டும் ஜூனிலிருந்து உயிரில்லை.

பதினொன்றுக்கு மேல்
லேப்டாப்பில் பழைய அமெரிக்கா:
கறுப்பு, வெள்ளை, நடுவே சிகரெட் புகை.
அங்கேயும் மழைதான்.
தொப்பிக்காரன் குடை பிடிப்பதில்லை.
ஆபீஸ் வாடகை பாக்கி, இழுப்பறையில் பாட்டில்.
கதவுக் கண்ணாடியில் அவன் பெயர்
உள்ளிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியும்.
ஒருத்தி வருவாள்.
அவள் சொல்வது பொய்யென்று
அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
நாற்காலியை இழுத்துப் போடுவான்.
அந்த இடத்தை மட்டும்
திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன்.

நானும் அதே தொழில்தான்.
தால்வி சார் ஏஜென்சி, தாதர் கிழக்கு.
கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை விசாரணை.
நாளுக்கு எண்ணூறு, ரயில் பாஸ் தனி.
இதுவரை யாரும் என் தாடையில் குத்தியதில்லை.
செம்பூரில் ஒரு வாட்ச்மேன்
சர்வே எடுக்க வந்தவளென்று டீ வாங்கித் தந்தார்.
குடித்துக்கொண்டே
அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன்.

போன மாதம் முலுண்டு ஃபைல்.
பையன் பெயர் அருளப்பன்.
குடியில்லை, சீட்டில்லை.
செவ்வாய்தோறும் ஏழு நாற்பதுக்குக்
குர்லாவில் இறங்குகிறான்.
அவன் வீடு அங்கே இல்லை.
மூன்று செவ்வாய் பின்னால் நடந்தேன்.
நனைந்த காலர் எனக்கு மனப்பாடம்.
ஒரு கதவு திறந்தது,
ஒரு கை அவன் தலையைத் துவட்டியது.
வளையலில்லாத, முடியடர்ந்த கை.
சன்னல் கம்பியின் நிழல்
இரண்டு முகங்களிலும் கோடு கோடாய் விழுந்தது.
கேமராவை எடுக்கவில்லை.

உண்மையை எழுதினால் அவன் போவான்.
குறையில்லை என்றால் அந்தப் பெண் போவாள்.
'வெளியே கடன் நிறைய' என்று எழுதினேன்.
கடனென்றால் எல்லோருக்கும் புரியும்.

பெண்ணின் அப்பா சாமிதுரை
ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார்.
முந்திரி எல்லாம் தால்வி சார் பொறுக்கிவிட்டார்.
இப்போது முலுண்டு முழுக்க
அருளப்பன் கடன்காரன்.

படத்தில் கடைசியில் உண்மை வெளியே வரும்,
யாருக்கும் உபயோகமில்லாமல்.
இருந்தாலும் வரும்.

இன்று செவ்வாய்.
சயானில் இறங்கவில்லை.
கையில் ஃபைலும் இல்லை.
குர்லா பாலத்தில் நின்றேன்.
ஏழு நாற்பது வந்தது.
பையில் குடை இருந்தது,
விரிக்கவில்லை.