எதிரி

கிளிநொச்சி நீதிமன்றில்
சாட்சிக் கூண்டுக்கும் எதிரிக் கூண்டுக்கும் நடுவில்
எனக்கொரு பிளாஸ்டிக் கதிரை.
சிங்களத்தில் சொல்வதைத் தமிழில்,
தமிழில் சொல்வதைச் சிங்களத்தில்.
அழுகையை மொழிபெயர்க்க வேண்டாமென்று
முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்கு லக்சிதன், விசுவமடு.
வயது பத்தொன்பது.
சேட்டுப் பையில் ஐஸ்,
அறுநூற்று நாற்பது மில்லிகிராம்.
தேத்தண்ணிக்குப் போடுகிற சீனி இதைவிடப் பாரம்.
சட்டத் தமிழில் இவன் பெயர் எதிரி.
எந்த நாட்டுக்கு என்று
கேட்கிற வழக்கம் இல்லை.

பொலிஸ் பரிசோதகர் எழும்புகிறார்.
பிணை கூடாதாம்.
காரணத்தின் நடுவில் வருகிறது அது:
"ஜாதிக ஆரக்ஷாவ."
நான் வாய் திறக்கிறேன்.
தேசிய...

தாண்டிக்குளத்தில் எனக்குப் பதினாறு.
அண்ணனின் ரேடியோவுக்கு இரண்டு பென்ரோச் பற்றரி,
பாவாடை விளிம்பை மடித்து உள்ளே தைத்திருந்தேன்.
தடவிப் பார்த்தவளின் விரலில்
பேபி பவுடர் மணந்தது.
தையலைப் பிரித்தாள்.
அப்போது அந்தச் சொல்லுக்கு
நூலிழைக்குள்ளும் கண் தெரிந்தது.
சவர்க்காரக் கட்டிகளை எண்ணிப் பார்த்தது.
மண்ணெண்ணெய்ப் போத்தலை மோந்து பார்த்தது.

இப்போது கரையெல்லாம் முகாம்,
சந்திக்குச் சந்தி காவலரண்.
தூள் மட்டும் தடக்காமல் வந்து
ரியூசன் கொட்டிலின் பின்வேலியில் விலைபோகிறது.
அது வந்த பாதைக்கு
ஒரு வழக்கு இலக்கமும் இல்லை.

ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை.
காலையில், வாசல் வேப்பமரத்தடியில்
யோகமலர் என் கையைப் பிடித்தா.
வீட்டுத்திட்டக் கூரைத் தகரம் ஏழை
கழற்றி வித்துப்போட்டான்,
தங்கச்சியின்ர சைக்கிளும் போயிட்டுது.
"பிள்ளை, அவனை விடச் சொல்லிச் சொல்லாதேயுங்கோ.
உள்ளுக்கை இருந்தா உயிரோட இருப்பான்."
பிறகு, தனக்கே சொல்வதுபோல:
"மூத்தவனை விடச் சொல்லிக்
கந்தசாமி கோயிலடியில
எட்டு வருசமாக் குந்தியிருக்கிறன்."

நீதவான் என்னைப் பார்க்கிறார்.

...பாதுகாப்பு, என்கிறேன்.
தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்.
பிழையில்லாத மொழிபெயர்ப்பு.
லக்சிதன் கழுத்தைச் சொறிகிறான்.
தமிழிலும் அவனுக்கு விளங்கவில்லை.

பதினான்கு நாள் மறியல்.
அரக்கு முத்திரையோடு கடித உறை
பகுப்பாய்வுக்குக் கொழும்பு போகிறது,
அதே ஏ-ஒன்பதால்.

பின் வாங்கிலிருந்து எழும்பி
யோகமலர் கும்பிடுகிறா.
நீதவானையோ, பொலிசையோ,
சுவரில் தொங்கும் சிங்க இலச்சினையையோ.
யாரும் என்னிடம் கேட்கவில்லை.